வளைவில் முன்னால் நிற்பவள்

பதுளை
05.03.2024

கலா,

உன் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். வட்ஸ்அப்பிலும் அப்படித்தான். கடிதத்தை அப்படித் தடுக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். மொனராகலையில் நீ இருக்கும் போர்டிங் விலாசத்தை உன் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. நாம் பேசாமலிருப்பது அவருக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது.

நீ கடைசியாகச் சொன்னது இது: “ஓடத் தெரியாதவ ஓட்டம் சொல்லிக் குடுக்கப் போறா. நல்லா இருக்குடி நாடு.” நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வாய் திறக்க எப்போதும் ஒரு நாள் தேவைப்படும். இந்த முறை இரண்டு மாதம் ஆகிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். பட்டதாரி நியமன நேர்முகத்தில் தமிழ்ப் பாடத்துக்கு இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். ஆரம்பப் பிரிவு உடற்கல்விக்கு ஆள் இல்லை. பயிற்சி எடுத்து, முடிவில் பரீட்சகர்கள் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதில் தவறினால் நியமனம் உறுதியாகாது. சம்மதமா என்று கேட்டார்கள். வெளியே வாங்குகளில் இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் அன்று வேலைக்குப் போகாமல் என்னோடு பஸ்ஸில் வந்து வாசலில் நின்றார்கள். அந்த நேரத்தில் உன் ஞாபகம் வந்தது. வந்தும் சம்மதம் என்றேன். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் நானே முதலில் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பசறை டவுனில் யாரோ சொல்லி நீ தெரிந்துகொண்டது என் தப்பு.

நூறு மீட்டரில் மாகாணம் வரை போனவள் நீ. உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம் தவறியதால் உன் சான்றிதழ்களை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு விளையாட்டுப் போட்டிக்கும் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு உன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றவள். இந்த வேலை யாருக்கு வந்திருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

பயிற்சியில் ஒன்பது பேர் இருக்கிறோம். எனக்கு விசில் ஊத வரவில்லை, காற்றுத்தான் வருகிறது. எங்கள் பயிற்றுநர் ஸனூஸ் சேர் கேட்டார்: “தங்கச்சி, புள்ளைகளக் கூப்புடுறீங்களா, கோழிக் குஞ்சக் கூப்புடுறீங்களா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது எனக்கே புதிதாக இருந்தது.

திட்டியாவது எழுது.

சிவசக்தி


மொனராகலை
17.03.2024

சக்தி,

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன்.

நீ படித்தாய். சரி. நம் லயத்து வீடுகளில் எல்லாரும் எட்டு மணிக்கு லைட்டை அணைத்த பிறகும் நீ படித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. தமிழ் டீச்சராக வந்திருந்தால் பசறை முழுக்க நானே சொல்லித் திரிந்திருப்பேன். உலகத்தில் இத்தனை பாடம் இருக்க, எனக்கென்று நான் வைத்திருந்த ஒன்றைத்தானா எடுக்க வேண்டும்?

நான் இங்கே காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை காற்சட்டைக்குப் பொக்கெட் வைத்துத் தைக்கிறேன். இடது பொக்கெட் மட்டும். வலது பொக்கெட் பக்கத்து மெஷின்காரியுடையது. வருடம் ஒரு முறை பெக்டரி விளையாட்டுப் போட்டியில் நூறு மீட்டர் ஓடுவேன், முதலாவது வருவேன், ஒரு பிளாஸ்டிக் வாளி தருவார்கள். என்னிடம் ஐந்து வாளி இருக்கிறது. உனக்கு வேண்டுமானால் ஒன்று அனுப்புகிறேன்.

இருநூறு மீட்டருக்கு நான் பெயர் கொடுப்பதில்லை. ஏனென்று உனக்குத் தெரியும். நமக்குப் பதின்மூன்று வயது, வலயப் போட்டி, நீயும் அங்கே இருந்தாய். என்னை உள் ஓரத்து முதலாவது ஓடுபாதையில் நிறுத்திவிட்டு மற்றவர்களையெல்லாம் எனக்கு முன்னால், ஒருத்திக்கு முன்னால் ஒருத்தியாக நிறுத்தினார்கள். கடைசிக்காரி எங்கேயோ நின்றாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்பதால்தானே? அப்படியும் எல்லாரையும் முந்தி முதலாவது வந்தேன். வளைவில் நின்ற பச்சைச் சட்டை சேர் சிவப்புக் கொடியைத் தூக்கி என்னைப் போட்டியிலிருந்து வெட்டிவிட்டார். அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கும்போது அந்த மனுசனை ஏசுகிறார்.

இப்படி ஆட்களைப் பின்னுக்கு நிறுத்துவது எப்படி என்றும் உங்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்களா? இருந்தால் படித்துச் சொல்.

கலாராணி


பதுளை
26.03.2024

கலா,

உன் கடிதம் வந்தது. ஐந்து முறை படித்தேன்.

கற்பித்தல் பயிற்சிக்கு நாம் படித்த தோட்டப் பாடசாலையையே தந்திருக்கிறார்கள். இன்னும் மைதானம் இல்லை. பக்கத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் உள்ள முற்றம்தான் ஒரே மட்டமான இடம். காலை நிறுவைக்கும் பகல் நிறுவைக்கும் இடையில் அது எங்களுக்கு.

நான்காம் தரத்தில் ஒரு பிள்ளை ஓட்டம் என்றதும் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய்விடுகிறது. பெயர் டிலுக்ஷி. மற்ற டீச்சர்மார் கவனிக்கவில்லை, நான் முதல் நாளே கண்டுகொண்டேன். ஒளிகிறவளுக்கு ஒளிகிற இடங்கள் தெரியும். அவளை இழுத்து வரவில்லை. தாங்கியைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வருகிற ஓட்டம் வைத்தேன். எல்லாரும் அவளிடமே போனார்கள். இரண்டாவது முறை அவளும் ஓடினாள். வேகமாக ஓடுகிறவளுக்கு இது தோன்றுமா என்று தெரியவில்லை. எனக்குத் தோன்றியது.

நீ கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் பதில் எழுதுகிறேன்.

29.03.2024

மேலே உள்ளதை மூன்று நாளாகத் தபாலில் போடவில்லை. அடுத்த கடிதம் என்று எழுதியது பயத்தினால். இதிலேயே எழுதிவிடுகிறேன்.

புத்தகத்தில் இருக்கிறது, கலா. பெப்ரவரியில் ஸனூஸ் சேர் மைதானத்தில் அளந்தே காட்டினார். வளைவில் வெளிப்பக்கம் ஓடுகிறவளுக்குத் தூரம் கூட. ஒவ்வொரு ஓடுபாதைக்கும் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். அந்த அளவுக்கு அவளை முன்னால் நிறுத்தினால்தான் முடிவுக்கோட்டில் எல்லாரும் சமமாக இருநூறு மீட்டர் ஓடியிருப்பார்கள். அன்று உன்னைப் பின்னால் நிறுத்தவில்லை. உன் இடத்தில்தான் நிறுத்தினார்கள். முன்னால் நின்றவளைத் துரத்திக்கொண்டு நீ அவளுடைய ஓடுபாதைக்குள் போய்விட்டாய். கொடி அதற்குத்தான்.

நமக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. நம் பாடசாலையில் வளைவே இல்லை, நீ றோட்டிலும் மடுவத்து முற்றத்திலும் நேராக ஓடிப் பழகியவள். வேலியோரம் நின்று உன்னோடு சேர்ந்து அழுத எனக்கும் தெரியாது.

உன் முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது.

சக்தி


மொனராகலை
08.04.2024

சிவசக்தி,

ஆக, பன்னிரண்டு வருடமாக நான் சொன்னதும் என் அம்மா சொன்னதும் பொய். நாங்கள் ஒன்றும் தெரியாத மடச்சிகள். பட்டதாரி வந்து சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

உனக்குப் படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, கழுத்தில் விசில் இருக்கிறது. எனக்கு அந்த ஒரு ஓட்டம் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டாய்.

புது வருசத்துக்கு நான் தோட்டத்துக்கு வரவில்லை. நீ இருப்பாய் என்பதால்தான். இனி எழுதாதே.

கலாராணி


பதுளை
20.04.2024

கலா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உன் சொல்லை நான் கேட்காத முதல் தடவை இதுவாகத்தான் இருக்கும்.

நான் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். அது உண்மை. ஆனால் உன்னை மடச்சி என்று நான் எழுதவில்லை. தெரியாதது வேறு, மடத்தனம் வேறு. நீ அதை மாற்றிப் படித்திருக்கிறாய்.

இங்கே நானும் ஒரு கூத்து அடித்துவிட்டேன். முற்றத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டேன். வெள்ளை வெளேர் என்று அழகாக இருந்தது. லயத்தில் பிறந்து வளர்ந்தவள், அந்த இடத்தில்தான் கொழுந்துச் சாக்குகளை இறக்கி வைப்பார்கள் என்பதை மறந்துபோனேன். பகல் நிறுவைக்கு வந்தவர்களின் சாக்கெல்லாம் சுண்ணாம்பு. நிறுக்கிற வீரய்யா அண்ணன் பாடசாலை வாசலுக்கே வந்துவிட்டார். “டீச்சரம்மா, கொழுந்துல சுண்ணாம்பு பட்டா பெக்டரில திருப்பி அனுப்பிருவான். நீங்க வெத்தல போடுறதுக்கா நாங்க கொழுந்து எடுக்கிறோம்?” பெண்கள் சாக்கை உதறி உதறித் துடைத்தார்கள். நானும் உட்கார்ந்து துடைத்தேன். ஒருத்தரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இனி அங்கே கோடே போடக்கூடாது என்று பாடசாலை அதிபர் சொல்லிவிட்டார்.

மே மாதம் ஒன்பதாம் திகதி எனக்கு இறுதிப் பாடம். இரண்டு பரீட்சகர்கள் வருகிறார்கள். வளைவு ஓட்டம் எடுக்க நினைத்திருந்தேன். கோடு இல்லாமல் அது முடியாது. பந்தை வட்டமாக நின்று பிடிக்கிற விளையாட்டு ஒன்று எடுக்கப்போகிறேன். அதில் தவறு வர வழியில்லை.

சக்தி


மொனராகலை
29.04.2024

சக்தி,

உன் மேல் கோபம் போகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போர்டிங்கில் உடுப்புக் காயப்போடுகிற கயிற்றைக் கழற்றினேன். வீட்டுக்காரி ரஹ்மத்தும்மா ஓடி வந்தார். “உடுப்புக் கயித்தக் கழட்டி என்ன மகள் செய்றீங்க?” ஒரு சண்டையைத் தீர்க்கப் போகிறேன் என்றேன். அவர் பயந்துபோய்க் கதவோரம் நின்று பார்த்தார்.

எங்கள் கிணற்றுக் கட்டு வட்டமானது. அதில் பாதி வட்டத்துக்கு, கட்டை ஒட்டியே கயிற்றைப் போட்டேன். பிறகு ஒரு கை தள்ளி வெளியே இன்னொரு கயிறு, அதே பாதி வட்டம். வெட்டி எடுத்து இரண்டையும் தரையில் நீட்டினேன். வெளிக் கயிறு என்னை விட நீளமாக மிஞ்சிக் கிடந்தது. பக்கத்தில் படுத்தே பார்த்தேன். ரஹ்மத்தும்மா “அல்லாவே, இந்தப் புள்ளைக்கு என்னமோ ஆகிப் போச்சு” என்றார்.

கிணற்றடியில் உட்கார்ந்து நல்லா அழுதேன். பிறகு எழுந்து இன்னொன்று செய்து பார்த்தேன். உள் கயிற்றில் தொடங்கி, பாதியில் வெளிக் கயிற்றுக்கு மாறிப் போனால் எவ்வளவு தூரம் என்று. அதுவும் கூடத்தான். அப்படியானால் அன்றைக்கு நான் மற்றவர்களை விடக் கூடுதலாக ஓடியிருக்கிறேன், சக்தி. இருநூறை விடக் கூட ஓடி முதலாவது வந்திருக்கிறேன். உன் புத்தகம் இதை உனக்குச் சொல்லவில்லை. நீயும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது என் கோபம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டு துண்டுக் கயிறு. ஐந்து நிமிடம். இதைக் காட்ட நமக்கு ஒரு ஆள் இருக்கவில்லையே.

பந்து விளையாட்டெல்லாம் எடுக்காதே. தவறு வர வழியில்லாத பாடத்தில் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? வளைவை எடு. சுண்ணாம்பு வேண்டாம், கயிற்றைப் போடு. நீ வாயால் விளக்காதே, உன் சத்தம் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. அதுகள் கையிலேயே கயிற்றைக் கொடு.

ரஹ்மத்தும்மாவுக்குப் புதுக் கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

கலா


பதுளை
10.05.2024

கலா,

நேற்று முடிந்தது. எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

பத்து மணிக்குப் பாடம். நான்காம் தரம், இருபத்தாறு பிள்ளைகள். பரீட்சகர்கள் ஒரு சேரும் ஒரு மிஸ்ஸும். மிஸ் குடையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் முற்றத்தின் நடுவில் ஒரு முளை அடித்து, நான்கு மீட்டரில் ஒரு அரை வட்டக் கயிறும், ஐந்து மீட்டரில் இன்னொன்றும் போட்டிருந்தேன். ஒன்றும் விளக்கவில்லை. துஷாந்தை உள்ளேயும் டிலுக்ஷியை வெளியேயும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டேன். துஷாந்த் வென்றான். இடம் மாற்றினேன். டிலுக்ஷி வென்றாள். இன்னும் இரண்டு சோடி. எப்போதும் உள்ளே நின்றவர்தான் வென்றார்.

“டீச்சர், வெளிய நின்னா தோத்துருவோம் டீச்சர். எனக்கு உள்ளுக்குத்தான் வேணும்.”

“போடா, நீ இப்பதானே ஓடுன!”

பிறகு டிலுக்ஷியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வெளிப்பக்கத்தில் மூன்று மீட்டர் முன்னால் நிறுத்தினேன். வகுப்பே கத்தியது. “கள்ளாட்டம்! டீச்சர் அவள மட்டும் முன்னுக்கு விட்டுட்டாங்க!” துஷாந்த் முகம் சிவந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன், கலா. அது வலயப் போட்டியில் உனக்கிருந்த முகம்.

அந்த நேரத்தில் கொழுந்து லொறி வந்துவிட்டது. மழை வரும்போல் இருந்ததால் பகல் நிறுவையை முன்னுக்கு எடுத்திருக்கிறார்கள். மலையிலிருந்து பெண்கள் சாக்கோடு இறங்கி வந்து முற்றத்தைச் சுற்றி நின்றார்கள். வீரய்யா அண்ணன் தராசோடு வந்தார். “டீச்சரம்மா, மழ வருது. நிறுக்கணும். புள்ளைங்கள வகுப்புக்கு ஏத்துங்க.”

பரீட்சகர்கள் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகளைக் கள்ளாட்டம் என்ற நினைப்போடு வகுப்புக்கு அனுப்பினால், அது அப்படியே அவர்களுக்குள் இருந்துவிடும். விசில் கழுத்தில் தொங்கியது. அது எனக்கு ஞாபகமே வரவில்லை. “பத்து நிமிசம் பொறுங்கண்ணே! இன்னும் முடியல!” என்று கத்தினேன். மடுவத்துத் தகரம் அதிர்ந்தது. வீரய்யா அண்ணன் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

துஷாந்திடம் உள் கயிற்றையும் டிலுக்ஷியிடம் வெளிக் கயிற்றையும் கொடுத்து, தூக்கி நேராக நீட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். வெளிக் கயிறு மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூட மிஞ்சியது. துஷாந்த் மிஞ்சிய துண்டின் மேல் காலடி வைத்து அளந்தான். பிறகு டிலுக்ஷி முன்னால் நின்ற இடத்தையும் அதே மாதிரி காலால் அளந்தான். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: “டீச்சர், நீங்க அவளுக்குக் கொஞ்சம் கொறைச்சுத்தான் விட்டிருக்கீங்க.”

சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். பரீட்சகர் சேரும் சிரித்தார். கயிறுகளைத் திரும்பப் பழைய இடத்தில் போட்டு, டிலுக்ஷியை இன்னும் அரை அடி முன்னால் நிறுத்தி ஓடவிட்டோம். இருவரும் ஒன்றாக வந்தார்கள். பிறகு தூறல் தொடங்கியது.

சித்தியடைந்துவிட்டேன். பாடத்துக்கு நல்ல புள்ளி. நானே ஓடிக் காட்டுகிற பகுதியில் நூறு மீட்டருக்குப் பத்தொன்பது செக்கன், அதில் தப்பிப் பிழைத்தேன். மிஸ் கேட்டார், “நீங்க பாடசாலை காலத்துல ஓடலயா?” இல்லை மிஸ், ஓடுகிறவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றேன். “நல்லாத்தான் பாத்திருக்கீங்க” என்றார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களுக்கு நடுவில் உன் அம்மாவும் நின்றார். கயிறுகளை நீட்டியபோது முன்னால் வந்து குனிந்து பார்த்தார். கொழுந்தை நிறுத்துவிட்டு என் பக்கம் திரும்பாமல் மலைக்கு ஏறிப் போய்விட்டார். நீ அவரிடம் சொல்லியிருந்தாயா என்று எனக்குத் தெரியாது. நேற்றிலிருந்து அதுதான் எனக்கு மனதில் நிற்கிறது.

சக்தி


மொனராகலை
19.05.2024

சக்தி,

நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. உன் பாடம் நடந்த அன்று மாலையே அம்மா போன் எடுத்தார். எடுத்த எடுப்பில் கேட்டார்: “ஏன்டி, ஒனக்குத் தெரியுமா அந்தக் கயித்து விசயம்?” தெரியும் என்றேன். பிறகு சொன்னார்: “அப்ப பன்னெண்டு வருசமா நான் யாரடி ஏசிக்கிட்டு இருந்தேன்? பாவம், அந்தப் பச்ச சட்டக்காரருக்கு எத்தன தடவ பொறையேறுச்சோ.” எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் அழுதோம். கடைசியில் சொன்னார்: “இந்தப் பெரியாயி மக வேகமா ஓடுனா. அது பொய் இல்லதானே?” இல்லை அம்மா, கூடத் தூரம் ஓடினேன் என்றேன். இனி அதைத்தான் மலை முழுக்கச் சொல்லப் போகிறார்.

நீ பாஸானது எனக்குச் சந்தோசம். பொறாமையும் இருக்கிறது. இரண்டும் இருக்கும். நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் இரண்டாம் திகதி பசறையில் தோட்டங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. நான் லீவு போட்டு வருகிறேன். இருநூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பெண்கள் அஞ்சலோட்டத்துக்கு நம் தோட்டத்தில் மூன்று பேர்தான் தேறினோம். நான்காவது ஆளாக உன் பெயரை எழுதியிருக்கிறேன். கேட்காமல்தான் எழுதினேன். நீ மூன்றாவதாக ஓட வேண்டும். அது வளைவு. அங்கே கோட்டுக்குள் நிற்கத் தெரிந்த ஆள் எனக்கு வேண்டும். கடைசி ஓட்டம் நான்.

பத்தொன்பது செக்கன் என்று எனக்குச் சொல்லாதே. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கலா


பதுளை
24.05.2024

கலா,

பெயர் இருக்கட்டும். அழிக்காதே.

நாலு நாளாகக் காலையில் பயிற்சி நிலைய மைதானத்தில் அந்த வளைவை மட்டும் ஓடுகிறேன். நேற்று விழுந்து முழங்கால் உரிந்துவிட்டது. இன்றும் ஓடினேன். பதினெட்டரை. ஸனூஸ் சேர் வேலியோரம் தேத்தண்ணியோடு நின்று பார்க்கிறார், நான் கண்டுகொள்வதில்லை.

அஞ்சல் கோலை என் வலது கையில் கொண்டு வருவேன். நீ இடது கையை நீட்டு. என் காலடிச் சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கு. திரும்பிப் பார்க்காதே. நான் வந்துவிடுவேன்.

சக்தி